ஆள்களப் பெயர்களும் வழிதவறிய மின்னஞ்சல்களும்: ஒரு வரலாறு

இணையத்தில் ஒரு நிறுவனத்துக்கோ தனிநபருக்கோ உரிய பெயர் ஆள்களப் பெயர் எனப்படும். பேச்சு வழக்கில் இதை டொமைன் பெயர் என்கிறோம். கணினிகள் ஒன்றையொன்று அறிவது ஐபி முகவரி என்னும் எண்களால். மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்வது பெயர்களை. இவ்விரண்டையும் இணைக்கும் உலகளாவிய பதிவேடே ஆள்களப் பெயர் முறைமை (டிஎன்எஸ்). இப்பதிவேட்டின் ஒரு பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு விடை சொல்லும் கணினிக்குப் பெயர் வழங்கி என்று பெயர்.

இணையதளத்தைத் திறப்பதற்கு மட்டுமல்லாமல் மின்னஞ்சல் அனுப்புவதற்கும் இந்த விடை தேவை. ஆனால் இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தவறான இணையதளம் திறந்தால் பார்ப்பவர் அதை உடனே கவனிக்க வாய்ப்பு உண்டு. மின்னஞ்சல் தவறான இடத்துக்குப் போனால் அனுப்பியவரும் பெற வேண்டியவரும் அதை அறியாமலே இருக்கலாம்.

பெயர் வழங்கி விடை சொல்லாமல் போனால் மின்னஞ்சல் பொதுவாகத் தாமதமே ஆகும். அனுப்பும் கணினி அதை வரிசையில் வைத்துக்கொண்டு, வழக்கமாக 4 முதல் 5 நாள்கள் வரை மீண்டும் மீண்டும் முயலும். பெயர் வழங்கி தவறான விடை சொன்னால் நிலைமை வேறு. "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொன்னால் அஞ்சல் உடனே திருப்பி அனுப்பப்படும். வேறொருவரின் கணினியைக் காட்டினால் அஞ்சல் அங்கே சென்று சேர்ந்துவிடும். ஆள்களப் பெயர்களின் வரலாற்றில் நடந்த பெரிய விபத்துகளும் மோசடிகளும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. விடை கிடைப்பதை உறுதிசெய்யும் ஏற்பாடு தொடக்கத்திலேயே செய்யப்பட்டது. விடை உண்மையானதா என்று சோதிக்கும் ஏற்பாடு பல இழப்புகளுக்குப் பிறகே வந்தது.

ஒரே கோப்பில் அடங்கிய காலம்

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. அக்கோப்பின் பெயர் ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட். கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ நிறுவனத்தின் வலையமைப்புத் தகவல் மையம் அதைப் பராமரித்தது. அம்மையத்தை எலிசபெத் ஃபெய்ன்லர் வழிநடத்தினார். புதிய கணினியை இணைக்க விரும்பியவர்கள் மையத்துக்குத் தெரிவிப்பார்கள். மையத்தினர் அதைக் கோப்பில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் அக்கோப்பை அவ்வப்போது படியெடுத்துக்கொள்வார்கள்.

இம்முறையில் பெயர்களுக்கு ஒரே காவலர் இருந்தார். யார் எதைக் கேட்கிறார்கள் என்பது மையத்துக்குத் தெரியும். மோசடிக்கு அதிக இடமில்லை. ஆனால் கணினிகள் பெருகப் பெருக இம்முறை தாங்கவில்லை. கணினிகள் கூடினால் கோப்பும் நீளும். அதைப் படியெடுப்பவர்களும் கூடுவார்கள். ஆகவே வலையமைப்பின் மீதான சுமை கணினிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்ந்தது. கோப்பு எல்லோரையும் சென்றடைவதற்குள் அதிலிருந்த தகவல் பழையதாகிவிடுவதும் உண்டு.

1983: பகிர்ந்தளிக்கப்பட்ட பதிவேடு

இச்சிக்கலுக்குத் தீர்வு காணும் பணியைத் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஜான் போஸ்டல், தம் சக ஆய்வாளர் பால் மொக்கபெட்ரிஸிடம் ஒப்படைத்தார். மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த முறை 1983 நவம்பரில் ஆர்எஃப்சி 882, 883 என்னும் இரு ஆவணங்களாக வெளிவந்தது. 1987 நவம்பரில் இவற்றின் இடத்தை ஆர்எஃப்சி 1034, 1035 ஆகியவை பிடித்தன. இன்றைய முறைமைக்கும் அவையே அடிப்படை.

இம்முறையில் பதிவேடு ஒரு மரம் போலக் கிளைக்கிறது. உச்சியில் வேர் வழங்கிகள் உள்ளன. டாட் காம் பற்றி யாரைக் கேட்க வேண்டும் என்பது மட்டுமே அவற்றுக்குத் தெரியும். டாட் காம் வழங்கிகளுக்கு, அதன் கீழுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எந்தப் பெயர் வழங்கி பொறுப்பு என்று தெரியும். இறுதி விடை அந்தப் பெயர் வழங்கியிடம் இருக்கும். பயனரின் சார்பில் இப்படிப் படிப்படியாகக் கேட்டு வரும் கணினியை இடைநிலை வழங்கி எனலாம். ஒருமுறை கிடைத்த விடையை அது குறிப்பிட்ட காலம் வரை நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஒரு பெயருக்குக் குறைந்தது இரண்டு பெயர் வழங்கிகள் இருக்க வேண்டும் என்பது இம்முறையின் எதிர்பார்ப்பு. ஒன்று பழுதானால் மற்றது விடை சொல்லும். விடை கிடைக்காமல் போவதற்கு எதிரான நல்ல பாதுகாப்பு இது. ஆனால் வந்த விடை உரியவரிடமிருந்துதான் வந்ததா என்று சோதிக்கும் வழி அன்று வடிவமைப்பில் சேர்க்கப்படவில்லை. அன்றைய வலையமைப்பில் இருந்தவை பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் அரசுத் துறைகளுமே. ஒருவரையொருவர் நம்புவது அங்கே இயல்பாக இருந்தது.

1984 அக்டோபரில் வெளிவந்த ஆர்எஃப்சி 920 காம், எடு, கவ், மில், ஆர்க் ஆகிய மேல்நிலைப் பெயர்களை அறிவித்தது. 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்னும் கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிவு செய்தது.

அஞ்சலுக்கென ஒரு தனிப் பதிவு

மின்னஞ்சலுக்கான எஸ்எம்டிபி நெறிமுறையைப் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியிட்டிருந்தார். பெயர் முறைமை வந்தபின் அஞ்சலை எந்தக் கணினியிடம் ஒப்படைப்பது என்பதற்கு ஒரு விதி தேவைப்பட்டது. 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்எஃப்சி 974 அவ்விதியைத் தந்தது. எம்எக்ஸ் பதிவு என்பது "இப்பெயருக்கு வரும் அஞ்சலை இந்தக் கணினியிடம் கொடுங்கள்" என்னும் அறிவிப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளைக் குறிப்பிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. சிறிய எண் கொண்ட கணினி முதலில் முயலப்படும். அது கிடைக்காவிட்டால் அடுத்தது முயலப்படும். எம்எக்ஸ் பதிவே இல்லாவிட்டால், அப்பெயருக்கு நேரடியாக உள்ள ஐபி முகவரிக்கு அஞ்சல் போகும்.

இதன் விளைவாக ஒரு நிறுவனத்தின் இணையதளம் ஓரிடத்திலும் அஞ்சல் வேறோரிடத்திலும் இருக்க முடிந்தது. அதே நேரத்தில், பெயர் வழங்கியை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே அஞ்சல் செல்லும் பாதையும் இருந்தது. எம்எக்ஸ் பதிவில் ஒரு வரியை மாற்றினால் போதும். ஒரு நிறுவனத்துக்கு வரும் அத்தனை கடிதங்களும் திசை மாறிவிடும்.

கட்டணமும் போலிக் கடிதமும்

1993 முதல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பெயர்களைப் பதிவு செய்யும் பணியை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் மேற்கொண்டது. தொடக்கத்தில் பதிவு இலவசம். 1995 செப்டம்பரில் கட்டணம் வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலரும், அதன்பின் ஆண்டுக்கு 50 டாலரும் வசூலிக்கப்பட்டன. பெயர் ஒரு விலைப்பொருளாக மாறியது.

அதே ஆண்டு அக்டோபரில் ஒரு திருட்டு நடந்தது. கேரி கிரெமன் என்பவர் 1994இல் செக்ஸ்.காம் என்னும் பெயரைத் தம் நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்திருந்தார். ஸ்டீபன் கோஹன் என்பவர் கிரெமனின் நிறுவனம் எழுதியதுபோல் ஒரு போலிக் கடிதம் தயாரித்து, பெயரைத் தமக்கு மாற்றித் தருமாறு பதிவு நிறுவனத்திடம் கேட்டார். எங்களுக்கு இணையத் தொடர்பு இல்லை, ஆகவே கோஹனே நேரில் தெரிவிப்பார் என்ற பொருளில் அக்கடிதம் அமைந்திருந்தது. இணையத் தொழில் செய்யும் நிறுவனத்துக்கு இணையத் தொடர்பு இல்லை என்பது பதிவு நிறுவனத்துக்கு வியப்பளிக்கவில்லை. கிரெமனிடம் ஒரு வார்த்தை கேட்காமலே பெயர் மாற்றப்பட்டது.

2000ஆம் ஆண்டு நீதிமன்றம் பெயரைக் கிரெமனிடம் திருப்பித் தர ஆணையிட்டது. 2001இல் கோஹன் 6.5 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. அவர் மெக்சிகோவுக்குத் தப்பி ஓடினார். பதிவு நிறுவனத்தின் பொறுப்பு குறித்து 2003 ஜூலையில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆள்களப் பெயர் ஒரு சொத்து. அதை உரிமையாளரின் அனுமதியின்றி இன்னொருவரிடம் கொடுத்தால் பதிவு நிறுவனமும் பொறுப்பாக நேரிடும் என்பது அதன் சாரம். பெயர்ப் பதிவைச் சரிபார்ப்பது பதிவு நிறுவனத்தின் கடமை என்னும் எண்ணத்துக்குச் சட்ட வலு சேர்த்த வழக்கு இது.

மோசடி இல்லாமலும் பெயர் கைநழுவலாம். 1999ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயில் பயனர்கள் பலரால் தங்கள் அஞ்சல்பெட்டிக்குள் நுழைய முடியவில்லை. நுழைவைச் சரிபார்க்கப் பயன்பட்ட பாஸ்போர்ட்.காம் என்னும் பெயரின் 35 டாலர் புதுப்பிப்புக் கட்டணத்தை மைக்ரோசாஃப்ட் செலுத்தத் தவறியிருந்தது. சிக்கலின் காரணத்தைக் கண்டறிந்த ஒரு லினக்ஸ் நிரலாளர் தம் கடன் அட்டையில் அத்தொகையைக் கட்டினார். அதன்பின் சேவை மீண்டது.

1997 ஜூலை: ஒரே மாதத்தில் இரண்டு நிகழ்வுகள்

பெயர் வழங்கி தவறான விடை சொன்னால் என்ன ஆகும் என்பதை உலகம் முதலில் பரவலாக உணர்ந்தது 1997 ஜூலையில்.

முதல் நிகழ்வு திட்டமிட்டுச் செய்யப்பட்டது. ஆல்டர்நிக் என்னும் மாற்றுப் பெயர்ப் பதிவை நடத்திவந்த யூஜின் காஷ்புரெஃப், நெட்வொர்க் சொல்யூஷன்ஸின் ஏகபோகத்தை எதிர்ப்பதற்காக அந்நிறுவனத்தின் இன்டர்நிக் தளத்துக்குச் செல்வோரைத் தம் தளத்துக்குத் திருப்பினார். அவர் எந்தக் கணினிக்குள்ளும் நுழையவில்லை. தம் பெயர் வழங்கியிடம் வேறு ஏதோ கேட்டு வந்த இடைநிலை வழங்கிகளுக்கு, கேட்காத ஒரு தகவலையும் சேர்த்துக் கொடுத்தார். "இன்டர்நிக்கின் முகவரி இதுதான்" என்பதே அத்தகவல். அன்றைய மென்பொருள் கேட்காத தகவலையும் நம்பி நினைவில் வைத்துக்கொண்டது. காஷ்புரெஃப் அவ்வாண்டு கனடாவில் கைது செய்யப்பட்டு, 1998இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இவ்வகைத் தாக்குதலை நினைவக நஞ்சூட்டல் எனலாம்.

இரண்டாவது நிகழ்வு ஒரு கவனக்குறைவு. ஜூலை 17 அதிகாலையில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் டாட் காம், டாட் நெட் பதிவேடுகளின் புதிய கோப்புகளை உருவாக்கியபோது அவை சிதைந்தன. எச்சரிக்கைகள் எழுந்தும் பணியில் இருந்தவர் கோப்புகளைச் சரிபார்க்காமல் வெளியிட்டார். ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பிழை திருத்தப்பட்டது. ஆனால் அதற்குள் செல்லுபடியான பல பெயர்களுக்கு "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற விடை போய்ச் சேர்ந்திருந்தது. அஞ்சல் வழங்கிகள் அவ்விடையை நம்பின. காத்திருந்து மீண்டும் முயல வேண்டிய கடிதங்கள், முகவரி இல்லை என்ற குறிப்புடன் அனுப்பியவர்களுக்கே திரும்பின. பெயர் வழங்கிகள் அந்த நான்கு மணி நேரம் முழுவதும் நின்றே போயிருந்தால், அக்கடிதங்கள் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

2003: இல்லாத பெயருக்கும் ஒரு முகவரி

1998இல் பெயர் முறைமையை ஒருங்கிணைக்க ஐகேன் என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. 1999 முதல் பல நிறுவனங்கள் போட்டியிட்டுப் பெயர்களைப் பதிவு செய்தன. டாட் காம், டாட் நெட் மூலப் பதிவகம் மட்டும் வெரிசைன் நிறுவனத்திடம் இருந்தது.

2003 செப்டம்பர் 15 அன்று வெரிசைன் சைட் ஃபைண்டர் என்னும் சேவையைத் தொடங்கியது. யாரேனும் பதிவு செய்யப்படாத ஒரு டாட் காம் அல்லது டாட் நெட் பெயரைத் தட்டச்சு செய்தால், "இல்லை" என்பதற்குப் பதிலாக வெரிசைனின் முகவரி விடையாக வரும். எழுத்துப்பிழையுடன் தேடுவோருக்கு உதவும் பக்கம் என்று நிறுவனம் விளக்கியது.

இணையதளம் பார்ப்போரை மட்டும் மனத்தில் கொண்டு செய்த மாற்றம் அஞ்சலைப் பாதித்தது. எம்எக்ஸ் பதிவு இல்லாத பெயருக்கு ஐபி முகவரி இருந்தால் அஞ்சல் அங்கே போகும் என்பது 1986ஆம் ஆண்டின் விதி. ஆகவே பெயரில் எழுத்துப்பிழை இருந்த கடிதங்கள் வெரிசைனின் கணினியைத் தேடிச் சென்றன. அவற்றை மறுப்பதற்காக அந்நிறுவனம் ஒரு சிறு அஞ்சல் நிரலை அங்கே வைத்திருந்தது. ஆனால் அந்நிரல், எதிரே உள்ள கணினி என்ன சொல்கிறது என்று கவனிக்காமல் தனக்குக் கொடுத்த விடைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

எரிதங்களைத் தடுப்போருக்கும் சிக்கல் வந்தது. அனுப்புநரின் ஆள்களப் பெயர் இல்லாத ஒன்று எனில் அக்கடிதத்தை மறுப்பது அக்காலத்தின் எளிய தடுப்பு முறை. இப்போது எந்தப் பெயரைக் கேட்டாலும் "உண்டு" என்ற விடை வந்ததால் அத்தடுப்பு பயனற்றுப்போனது. எம்எக்ஸ் பதிவில் பிழையான பெயரைத் தவறுதலாகச் சேர்த்திருந்தவர்களும் பாதிக்கப்பட்டனர். முன்பு அப்பெயர் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த கணினி முயலப்பட்டது. இப்போது அந்த அஞ்சல் வெரிசைனின் கணினிக்குச் சென்று நிரந்தரமாக மறுக்கப்படும் நிலை ஏற்பட்டது.

பைண்ட் மென்பொருளை வெளியிடும் அமைப்பு இவ்விடைகளைப் புறக்கணிக்கும் வசதியை விரைவிலேயே தந்தது. ஐகேன் அக்டோபர் 3 அன்று சேவையை நிறுத்தக் கோரியது. மறுநாள் அது நின்றது. "இல்லை" என்பதும் ஒரு பயனுள்ள விடை என்பதை இந்நிகழ்வு காட்டியது.

2005: பேனிக்ஸின் வார இறுதி

பேனிக்ஸ் என்பது 1989இல் தொடங்கப்பட்ட நியூயார்க்கின் பழைய இணையச் சேவை நிறுவனம். 2005 ஜனவரி நடுவில் ஒரு வார இறுதியில் அதன் பேனிக்ஸ்.காம் என்னும் பெயர் கைமாறியது. பெயரின் பதிவு ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு பதிவு நிறுவனத்துக்கு மாறியது. பெயர் வழங்கிப் பதிவுகள் பிரிட்டனுக்குப் போயின. அஞ்சல் கனடாவில் இருந்த ஒரு கணினிக்குத் திருப்பப்பட்டது. பேனிக்ஸின் கணினிகள் எதுவும் பழுதாகவில்லை. ஒருவரும் உள்ளே நுழையவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர்களுக்கு வந்த கடிதங்கள் அவர்களை அடையவில்லை.

ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயரை மாற்றுவதை எளிதாக்கும் ஐகேனின் புதிய விதிகள் 2004 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தன. பழைய பதிவு நிறுவனம் ஐந்து நாள்களுக்குள் மறுக்காவிட்டால் மாற்றம் நடந்துவிடும். ஆயினும் உரிமையாளரின் ஒப்புதலைப் பெற வேண்டியது புதிய பதிவு நிறுவனத்தின் கடமை. அந்த ஆஸ்திரேலிய நிறுவனத்தின் கீழ் இயங்கிய ஒரு மறுவிற்பனையாளர் அந்தச் சரிபார்ப்பைச் செய்யவில்லை. வார இறுதி என்பதால் ஆஸ்திரேலிய அலுவலகத்தில் முறையீட்டைக் கேட்கத் தக்கவர் கிடைக்கவில்லை. மெல்போர்னில் திங்கள்கிழமை விடிந்த பிறகே பெயர் திரும்பியது. அப்போதும் இடைநிலை வழங்கிகளின் நினைவில் பழைய தவறான விடை சிறிது காலம் நீடித்தது. இடைப்பட்ட நேரத்தில் பேனிக்ஸ்.நெட் என்னும் தன் மற்றொரு பெயரை மாற்று வழியாகப் பயன்படுத்துமாறு நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் கூறியது.

அவ்வாண்டு ஜூலையில் ஐகேனின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு ஆள்களப் பெயர்க் கடத்தல் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெயரைப் பூட்டி வைக்கும் வசதி, இடமாற்றத்துக்கு இரகசியக் குறியீடு கேட்கும் முறை ஆகியவை பின்னர் பரவலாயின. அவசர முறையீட்டுக்கு 4 மணி நேரத்துக்குள் பதிலளிக்கக்கூடிய தொடர்பைப் பதிவு நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் பிற்காலத்தில் வந்தது.

2008: காமின்ஸ்கியின் கண்டுபிடிப்பு

காஷ்புரெஃப் பயன்படுத்திய ஓட்டை அடைக்கப்பட்டிருந்தது. கேட்காத தகவலை மென்பொருள்கள் ஏற்பதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் உண்டு. விடையிலும் அதே எண் இருந்தால்தான் ஏற்பார்கள். ஆனால் அந்த எண்ணுக்கு 65,536 வாய்ப்புகளே உண்டு. ஒருமுறை ஊகம் தவறினால், உண்மையான விடை நினைவில் இருக்கும் காலம் முடியும்வரை தாக்குபவர் காத்திருக்க வேண்டும் என்பதால் ஆபத்து குறைவு என்று பலர் கருதினர்.

2008இல் டான் காமின்ஸ்கி என்னும் ஆய்வாளர் காத்திருக்கவே தேவையில்லை என்று கண்டறிந்தார். ஒரு பெயரின் கீழ் இல்லாத உட்பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கலாம். ஒவ்வொன்றும் புதிய கேள்வி. ஒவ்வொன்றும் புதிய வாய்ப்பு. ஊகம் ஒருமுறை பலித்தால், போலி விடையோடு "இப்பெயருக்கு இனி இதுவே பெயர் வழங்கி" என்ற தகவலையும் சேர்த்து அனுப்பலாம். முழுப் பெயரும், அதன் அஞ்சலும் கைக்கு வந்துவிடும். மறந்த கடவுச்சொல்லை மீட்கும் கடிதங்கள் அஞ்சல் வழியாகவே வருவதால், அஞ்சலைப் பிடித்தவர் மற்றக் கணக்குகளையும் பிடிக்க முடியும்.

காமின்ஸ்கி அதை உடனே வெளியிடவில்லை. மென்பொருள் தயாரிப்பாளர்களுடன் இரகசியமாகப் பணியாற்றினார். 2008 ஜூலை 8 அன்று பல நிறுவனங்கள் ஒரே நாளில் திருத்தத்தை வெளியிட்டன. கேள்வி புறப்படும் துறை எண்ணையும் ஊகிக்க முடியாதபடி மாற்றுவதே அத்திருத்தம். டி. ஜே. பெர்ன்ஸ்டைனின் டிஜேபிடிஎன்எஸ் மென்பொருள் இதை முன்பே செய்துவந்தது.

முழுத் தீர்வு விடையில் மின் கையொப்பம் இடுவதாகும். டிஎன்எஸ்செக் எனப்படும் இம்முறையின் வரையறை 2005 மார்ச்சிலேயே வெளிவந்திருந்தாலும் பயன்பாடு மெதுவாகவே இருந்தது. காமின்ஸ்கியின் கண்டுபிடிப்பு அதை விரைவுபடுத்தியது. 2010 ஜூலை 15 அன்று வேர்ப் பதிவேடு கையொப்பமிடப்பட்டது. 2011 மார்ச்சில் டாட் காம் கையொப்பமிடப்பட்டது. முறைமை வடிவமைக்கப்பட்டு ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்குப் பிறகே விடையின் உண்மையை வேரிலிருந்து சோதிக்கும் வழி கிடைத்தது.

அனுப்புநரைச் சோதிக்கும் பதிவுகள்

அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று எம்எக்ஸ் சொல்கிறது. அது உண்மையில் யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லும் ஏற்பாடு எஸ்எம்டிபியில் இல்லை. எரிதமும் போலிக் கடிதங்களும் பெருகியபோது, அதற்கும் பெயர் வழங்கியிடமே விடை தேடினார்கள்.

எஸ்பிஎஃப் பதிவு, ஒரு பெயரில் அஞ்சல் அனுப்ப அனுமதி பெற்ற கணினிகளைப் பட்டியலிடுகிறது. இது 2006 ஏப்ரலில் ஆர்எஃப்சி 4408 ஆக வெளிவந்தது. டிகிம் ஒவ்வொரு கடிதத்திலும் மின் கையொப்பம் இடுகிறது. அதைச் சோதிக்கும் பொதுத் திறவி பெயர் வழங்கியில் இருக்கும். டிமார்க் இவ்விரு சோதனைகளிலும் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. இது 2015 மார்ச்சில் ஆர்எஃப்சி 7489 ஆனது. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000க்கும் மேற்பட்ட கடிதங்களை ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு இம்மூன்றும் கட்டாயமாயின.

இதனால் பெயர் வழங்கியில் செய்யும் சிறு பிழையும் அஞ்சலைத் தடுக்கிறது. பெயர் வழங்கியை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது எம்எக்ஸ் பதிவை நகலெடுக்க மறந்தால் உள்வரும் அஞ்சல் தடைபடும். எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை மறந்தால் வெளிச்செல்லும் அஞ்சல் எரிதப்பெட்டிக்குள் விழும். எஸ்பிஎஃப் பதிவைப் படிக்கும்போது மேலும் பத்துக்கு மேற்பட்ட டிஎன்எஸ் வினவல்கள் தேவைப்பட்டால் சோதனை பிழையில் முடியும். கையில் உள்ள கணினியில் குறை தேடுவோர் பல நேரங்களில் பெயர் வழங்கியைப் பார்க்க மறப்பது இதனால்தான் பெருந்தவறாகிறது.

மீண்டும் பதிவேட்டின் வாசல்

கையொப்பம் வந்தபின்னும் கடத்தல் நிற்கவில்லை. தாக்குபவர்கள் 1995ஆம் ஆண்டின் வழிக்கே திரும்பினர். விடையைப் போலியாக்குவதைவிட, பதிவேட்டையே மாற்றுவது எளிது.

2017 ஜூலையில் டாட் ஐஓ மேல்நிலைப் பெயரின் ஏழு பெயர் வழங்கிகளில் நான்கின் பெயர்கள் பதிவுக்குக் கிடைப்பதை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கவனித்தார். அவர் அவற்றைப் பதிவு செய்துகொண்டு, உரியவர்களுக்குத் தெரிவித்தார். தீய நோக்கம் கொண்டவர் முந்தியிருந்தால் டாட் ஐஓவில் முடியும் எண்ணற்ற பெயர்களுக்குப் பொய் விடை சொல்லியிருக்கலாம்.

2018இல் மேற்காசிய நாடுகளின் அரசு நிறுவனங்களைக் குறிவைத்து நடந்த தாக்குதல்கள் இன்னும் கடுமையானவை. தாக்குபவர்கள் பதிவுக் கணக்குகளின் கடவுச்சொற்களைத் திருடி, பெயர் வழங்கிப் பதிவுகளைச் சிறிது நேரம் மட்டும் மாற்றினர். அந்த இடைவெளியில் அப்பெயருக்குப் பாதுகாப்புச் சான்றிதழும் பெற்றனர். அஞ்சல் சேவையில் நுழைந்தவர்களின் கடவுச்சொற்கள் அவர்கள் கைக்குச் சென்றன. பயனர் தம் அஞ்சலை வழக்கம்போல் படித்துக்கொண்டிருந்தார். 2019 ஜனவரி 22 அன்று அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா ஓர் அவசர ஆணை பிறப்பித்தது. அரசுத் துறைகள் 10 வேலை நாள்களுக்குள் தங்கள் டிஎன்எஸ் பதிவுகளைத் தணிக்கை செய்து, கடவுச்சொற்களை மாற்றி, கூடுதல் அடையாளச் சோதனையைச் சேர்க்க வேண்டும் என்றது. பதிவுக் கணக்கைப் பிடித்தவர் கையொப்பத் தகவலையும் நீக்கிவிட முடியும் என்பதால், டிஎன்எஸ்செக் மட்டும் இங்கே போதாது.

தமிழ்ப் பெயர்களும் இந்திய வங்கிகளும்

பெயர் முறைமை முதலில் ஆங்கில எழுத்துகளையே ஏற்றது. 2003இல் பிற எழுத்துகளை மாற்றுருவில் பதியும் முறை வந்தது. தமிழில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய மேல்நிலைப் பெயர்கள் 2010, 2011 ஆண்டுகளில் வேர்ப் பதிவேட்டில் இடம்பெற்றன. பெயர் வழங்கிகளுக்கு இவற்றால் சிக்கல் இல்லை. உள்ளே அவை ஆங்கில எழுத்துக் குறியீடாகவே செல்கின்றன. அஞ்சல் நிலைமை வேறு. தமிழிலேயே எழுதப்பட்ட முழு முகவரிக்கான நெறிமுறை 2012இல் வந்தது. அனுப்பும் வழங்கியும் பெறும் வழங்கியும் அதை ஏற்றால்தான் கடிதம் சேரும். இரண்டில் ஒன்று ஏற்காவிட்டாலும் அது திரும்பி வரும்.

இந்தியாவில் 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கென பேங்க்.இன் என்னும் தனிப் பெயரை அறிவித்தது. ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனமே இதற்கான ஒரே பதிவாளர். 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் இதற்கு மாற வேண்டும் என்று கூறப்பட்டது. வங்கி என்று உறுதிசெய்யப்பட்டவருக்கு மட்டுமே இப்பெயர் கிடைக்கும் என்பதால், போலி வங்கிக் கடிதங்களை அடையாளம் காண இது உதவும்.

கேட்பவர் யார் என்று தெரிந்த ஒருவரே பெயர்களைப் பதிவு செய்த ஃபெய்ன்லரின் காலத்து நடைமுறை இங்கே ஒரு சிறு வட்டத்துக்குள் திரும்புகிறது. இடைப்பட்ட காலத்தில் பெயர் முறைமை உலகம் முழுவதும் விரிந்தது. அதனோடு போலிக் கடிதமும், சரிபார்க்காத கோப்பும், இல்லாததை உண்டு என்ற விடையும், வார இறுதிக் கடத்தலும் வந்தன. இன்று ஒருவரின் அஞ்சலைக் காப்பவை அவரது அஞ்சல்பெட்டியின் கடவுச்சொல் மட்டுமல்ல. ஆள்களப் பெயரின் புதுப்பிப்புத் தேதியும், பதிவுக் கணக்கின் பூட்டும், பெயர் வழங்கியில் உள்ள சில வரிகளும் அதே அளவுக்கு அதைக் காக்கின்றன.